ஒப்பந்தம் இருந்தும் கடலுக்குள்ள விடமாட்டேங்கிறாங்களே, ஏன்?

சரி, அடுத்த கேள்வி நம்ம சிங்கப்பூர் ஊட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு தம்பி. கப்பல் பட்டறையில வேலை, சொந்த ஊர் பாம்பன். "அண்ணே, 1974ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல கச்சத்தீவுப் பக்கம் நமக்கு உரிமை இருக்குன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இலங்கைக்காரங்க எங்க மச்சான் படகைப் பிடிச்சு வச்சிருக்காங்க? உலக நீதிமன்றத்துக்குப் போனா கிடைச்சிராதா?"ன்னு கேட்டிருக்கார்.

தம்பி, ஊர்ல சொல்றது பாதி சரி. அந்த ஒப்பந்தத்தோட 5ஆவது பிரிவுல, இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்ன மாதிரியே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம்னு இருக்கு. வந்து போகலாம், அவ்வளவுதான். வலை போடலாம்னு இல்லை. 6ஆவது பிரிவுல, ரெண்டு நாட்டுக் கலங்களுக்கும் வழக்கமா இருந்த உரிமை தொடரும்னு ஒரு வரி வருது. என்ன உரிமைன்னு விவரிக்கலை. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னிக்கு வரைக்கும் வாதம். 1976 மார்ச்சுல ரெண்டு அரசும் மாத்திக்கிட்ட கடிதத்துல பட்டுன்னு எழுதிட்டாங்க: வெளிப்படையான அனுமதி இல்லாம ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் பிடிக்கக் கூடாது.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, அடுத்தவங்க கடல்ல கிடைக்கிற அனுமதி பி.ஆர். (நிரந்தரவாசம்) இல்லை, ஒர்க் பர்மிட் (வேலை அனுமதி). ஆள் தேவைப்படுற வரைக்கும் புதுப்பிப்பாங்க.

ஐ.நா. கடல் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 1982ல அதை முடிச்சு வச்ச மாநாட்டுக்குத் தலைவரா இருந்தவர் நம்ம பேராசிரியர் டாமி கோ. கரையிலேர்ந்து 200 கடல் மைல் வரைக்கும் மீன்வளம் அந்தந்த நாட்டுக்கு. (பாக் நீரிணையில அவ்வளவு இடமே இல்லை, அதான் நடுவுல கோடு.) எவ்வளவு பிடிக்கலாம்னு அவங்களே முடிவு பண்ணி, தங்களால பிடிக்க முடியாத மிச்சத்தை வெளியாளுக்குக் கொடுக்கணும். மிச்சம் இல்லைன்னா? இல்லைதான். செனகல் கடல்ல ஐரோப்பியக் கப்பல்களுக்கு இருந்த அனுமதி 2024 நவம்பர்ல முடிஞ்சப்போ, புதுசா ஒண்ணும் கையெழுத்தாகலை.

நீதிமன்றம் கேட்டீங்கல்ல, அதுக்கு ஐஸ்லாந்து கதைதான் பதில். 1961ல பிரிட்டனும் ஐஸ்லாந்தும் ஒத்துக்கிட்டது இது: ஐஸ்லாந்துக்கு 12 மைல் மீன்பிடி எல்லை சரி, அதுக்கு மேல நீட்டித் தகராறு வந்தா உலக நீதிமன்றம் போகலாம். 1972ல ஐஸ்லாந்து 50 மைல்னு அறிவிச்சுது. பிரிட்டன் வழக்கு போட்டுது. ஐஸ்லாந்து ஆஜரே ஆகலை. 1974 ஜூலையில தீர்ப்பு பிரிட்டன் பக்கம்.

கடல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல், கத்தி வச்ச ஒரு கொக்கியைப் பின்னால இழுத்துக்கிட்டு பிரிட்டன் படகுக்குக் குறுக்கால போகும். மடியை, அதாவது படகு பின்னால இழுத்துக்கிட்டுப் போற பை மாதிரி வலையை, இழுக்குற இரும்புக் கம்பி அதுல மாட்டி அறுந்துரும். மடி, அதுல விழுந்த மீன், எல்லாம் அடியில. படகு முழுசா நிக்கும், அன்னிக்குப் பிழைப்பு போச்சு. 1975ல எல்லையை 200 மைலாக்கினாங்க. மேற்கு நாடுகளோட ராணுவக் கூட்டணியான நேட்டோவை விட்டுப் போயிருவோம்னு ஐஸ்லாந்து மிரட்டினது, அந்தத் தீர்ப்பை விடக் கனமா இருந்துச்சு. 1976 ஜூன்ல சமரசம்: ஒரே நேரத்துல 24 பிரிட்டன் படகு, அதுவும் ஆறே மாசம். டிசம்பர்லேர்ந்து அதுவும் கிடையாது. வழக்குல ஜெயிச்ச நாட்டோட ஹல், கிரிம்ஸ்பி துறைமுகத்துல படகுங்க சும்மா கட்டிக் கிடந்துச்சு.

இன்னொண்ணு தம்பி. மச்சானோடது விசைப்படகா, நாட்டுப்படகான்னு நீங்க எழுதலை. இழுவைமடியை இலங்கை 2017லேயே சட்டம் போட்டுத் தடுத்திருச்சு. யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் வலை அறுபட்டு நிக்கிறவங்களும் நம்ம மொழி பேசுறவங்கதான், அவங்க கோபமெல்லாம் அந்த மடி மேலதான். எந்தப் படகுன்னு கேட்டு எழுதுங்க, மிச்சத்தை அதுக்கப்புறம் சொல்றேன்.