விலை பேசி முடித்தால் வீடு உங்களுக்கா?

லண்டனில் ஒரு வீடு 4,50,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வருகிறது. நீங்கள் 4,40,000 தருகிறேன் என்கிறீர்கள், விற்பவரும் சம்மதிக்கிறார். ஏஜென்ட் போன் செய்து வாழ்த்துகூடச் சொல்லிவிட்டார். சரி, வீடு நமக்குத்தான் என்று நினைப்பீர்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் எந்த நாளிலும் விற்பவர் "இன்னொருவர் கூடத் தருகிறார்" என்று கையை விரிக்கலாம். சட்டம் அவரைத் தடுக்காது.

[திரையில்: இங்கிலாந்து, வேல்ஸ்]

இங்கே வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கையெழுத்தான ஒப்பந்தங்களை இரு தரப்பு வழக்கறிஞர்களான சொலிசிட்டர்கள் பரிமாறிக்கொள்வதற்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். வழக்கமாக விலையில் 10 சதவீதத்தை அப்போது கட்ட வேண்டும். அதன்பின் வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் யாரும் யாரையும் பிடித்துவைக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், செலவு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கட்டடத்தின் நிலையை ஆராயும் சர்வே, சொலிசிட்டர் வேலை, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கும் விவரங்கள் எல்லாம் வாங்குபவர் பணம். விற்பவர் மனம் மாறினால் அவ்வளவும் தண்டம். கூடுதல் விலைக்கு ஆள் வந்ததும் முதல் ஆளைக் கழற்றிவிடும் இந்தப் பழக்கத்தை 'கசம்பிங்' என்கிறார்கள். வாங்குபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கையெழுத்து போடப்போகும் நேரத்தில் "பத்தாயிரம் குறைத்தால்தான்" என்று மடக்குபவர்களும் உண்டு.

இதில் 'செயின்' வேறு. உங்களுக்கு விற்பவர் தனக்கு ஒரு வீடு வாங்குகிறார். அந்த வீட்டுக்காரர் இன்னொன்றை வாங்குகிறார். பெரும்பாலும் எல்லோரும் ஒரே நாளில் எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டும். நடுவில் ஒருவருக்கு வங்கி கடன் தர மறுத்தால், வரிசையில் இருக்கும் அத்தனை குடும்பங்களும் கட்டிய பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

[திரையில்: ஸ்காட்லாந்து]

ரயிலில் சில மணி நேரம் வடக்கே போனால் கதை வேறு. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே 'ஹோம் ரிப்போர்ட்' தயாராக இருக்க வேண்டும். கட்டடத்தின் நிலை, மதிப்பு, எரிசக்தித் தரம் எல்லாம் அதில் இருக்கும். செலவு விற்பவருடையது. பலர் கேட்கும் வீடு என்றால் ஒரு கடைசி நாள் குறிப்பார்கள். அடுத்தவர் என்ன விலை போட்டார் என்று தெரியாமலே உங்கள் விலையை அனுப்ப வேண்டும்.

பிறகு இரு தரப்பு சொலிசிட்டர்களும் 'மிஸ்ஸிவ்' எனப்படும் கடிதங்களைப் பரிமாறுவார்கள். எல்லா நிபந்தனைகளிலும் ஒத்துப்போனதும் பேரம் இறுகிவிடும். அதற்கு முன் விலக அங்கேயும் சட்டம் இடம் தருகிறது, அந்தக் கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. அப்படியும் கசம்பிங் அங்கே குறைவு. ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டபின் விற்பவர் கூடுதல் விலைக்குத் தாவப் பார்த்தால், அவருக்காக வேலை செய்வதிலிருந்து அவருடைய சொலிசிட்டரே விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தொழில் சங்கத்தின் வழிகாட்டுதல். எனக்கு இதில் பிடித்தது இதுதான்: சட்டம் விட்ட இடத்தைத் தொழில் ஒழுக்கம் அடைக்கிறது.

[திரையில்: சிட்னி]

ஆஸ்திரேலியாவில் வீடுகள் ஏலத்துக்கு வருவது சாதாரணம். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். சுத்தியல் விழுந்தால் முடிந்தது. அங்கேயே கையெழுத்து, வழக்கமாக 10 சதவீதம் முன்பணம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏலம் இல்லாமல் வாங்கினால் மனம் மாற 5 வேலை நாள் உண்டு, விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். ஏலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் சர்வேயும் கடன் ஏற்பாடும் ஏலத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். நான்கு ஏலத்தில் தோற்றவர் நான்கு வீட்டுக்கும் சர்வேக்குச் செலவழித்திருக்கலாம். கடன் வாங்கி வீடு வாங்குபவருக்கு இவ்வளவு பதற்றம் தேவையா என்றுதான் தோன்றுகிறது.

[திரையில்: பிரான்ஸ்]

பிரான்ஸில் 'கொம்ப்ரோமி' என்ற முதல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் விற்பவர் கட்டுண்டு விடுகிறார். வாங்குபவருக்கு மட்டும் 10 நாள் அவகாசம். அதற்குள் விலகினால் காரணம் சொல்ல வேண்டாம், பணமும் போகாது. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற நிபந்தனையும் அதில் சேரும். இறுதிப் பத்திரம் 'நோட்டேர்' என்பவர் முன்னால் கையெழுத்தாக இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும். அவர் அரசு நியமித்த அதிகாரி, இரு தரப்புக்கும் ஒருவரே போதும். பழைய வீட்டுக்கு வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் செலவு விலையில் 7, 8 சதவீதம் வரும். அதை 'நோட்டேர் கட்டணம்' என்றே எல்லோரும் திட்டுவார்கள், பெரும்பகுதி வரியாக அரசுக்குப் போகிறது என்றாலும்.

பேரம் சீக்கிரம் இறுக வேண்டும் என்றால் வீட்டைச் சீக்கிரம் ஆராய வேண்டும். அதற்கு யாராவது முன்கூட்டியே பணம் போட வேண்டும். இங்கிலாந்தும் அதை விற்பவர் தலையில் வைத்துப் பார்த்தது. 2007-இல், விற்பவர் தன் செலவில் தயாரிக்க வேண்டிய விவரத் தொகுப்பான 'ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்' வந்தது. விற்பவர்களும் ஏஜென்டுகளும் முணுமுணுத்தார்கள், 2010 மே மாதம் புதிய அரசு நிறுத்திவைத்தது. 2025 அக்டோபரில் அரசு மறுபடியும் யோசனைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது: விற்பவர் விவரங்களை முன்கூட்டியே தர வேண்டும், விரும்புபவர்கள் முன்னதாகவே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இது சட்டமாகும்வரை லண்டனில் வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறிப்பிட்ட சில வாரங்களுக்கு வேறு யாருடனும் பேரம் பேசமாட்டேன் என்று விற்பவரிடம் 'லாக்-அவுட்' ஒப்பந்தம் எழுதி வாங்கலாம். சர்வேக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் சொலிசிட்டரிடம் அதைக் கேளுங்கள்.