கதை முடிந்த பிறகு ஒரு பக்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைப் பொறுமையோடு கட்டிக்காத்துவரும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு பேசித் தமது உரையை நேரத்துக்குள் முடித்து என்னை இக்கட்டில் மாட்டிவிட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை அணி செய்யும் ஓய்வுபெற்ற படைவீரர்களே, வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். படைவீரர்கள் முன்னிலையில் போர்க்கதைகளைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பானது என்பதை நான் அறிவேன். ஆயினும் தலைப்பைத் தந்தவர் தலைவர். அவர் சொல்லைத் தட்டும் துணிவு இந்த அரங்கில் எவருக்கும் இல்லை.

வரலாற்றுப் போர்ச் சாகசக் கதைகளை நூலிலும் தொலைக்காட்சியிலும் சுவைப்பதைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இக்கதைகளின் இன்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பது முதலாவது. திரைக்கு வரும்போது அவை எதை இழந்து எதைப் பெறுகின்றன என்பது இரண்டாவது. இக்கதைகளில் பெண்கள் ஏன் பெரும்பாலும் கடிதத்துக்குக் காத்திருப்பவர்களாகவே இருக்கிறார்கள் என்பது மூன்றாவது. இவை மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என்னை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். ஆம், இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இன்பத்தைப் பார்ப்போம். ஆங்கில நாவலாசிரியர் சி. எஸ். ஃபாரஸ்டர் 1937இல் ஹார்ன்பிளோவர் என்ற கப்பல் தலைவனைப் படைத்தபோது, அவனுக்குக் கடல் குமட்டலையும் ஓயாத தன்னிரக்கத்தையும் கொடுத்தார். கடற்படை வீரனுக்குக் கடல் குமட்டலா என்று நகைக்க வேண்டாம். புகழ்பெற்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே அது இருந்தது. அஞ்சாதவன் வெல்வதில் கதை ஏது? நடுங்கும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கட்டளையிடுபவனிடம்தான் வாசகன் தன்னைக் காண்கிறான். இன்னொரு இன்பம் நுணுக்கங்களில் இருக்கிறது. நெப்போலியன் காலத்துக் காலாட்படை வீரன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். தேர்ந்தவன் ஒரு நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒவ்வொரு கடியிலும் வெடியுப்பு நாக்கில் ஒட்டி வாய் வறண்டுவிடும். போரின் நடுவே வீரன் வெற்றிக்கு முன்பாகத் தண்ணீரைத்தான் நினைக்கிறான் என்பதை ஒரு நல்ல நாவல் சொல்லும்போது, இருநூறு ஆண்டுத் தொலைவு ஒரு மிடறாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். செயலாளர் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன். 1801ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பார்சலோனாவுக்கு அருகே, பிரித்தானியக் கடற்படையின் தாமஸ் காக்ரேன் என்ற இளம் ஸ்காட்லாந்துத் தலைவர் 'ஸ்பீடி' என்ற சிறு கப்பலில் வருகிறார். அதில் 14 பீரங்கிகள். ஒவ்வொன்றும் நான்கு பவுண்டு குண்டு எறியும் பொம்மைகள். ஆட்கள் 54 பேர். எதிரே 'காமோ' என்ற ஸ்பானியப் போர்க்கப்பல். 32 பீரங்கிகள், 319 ஆட்கள். அறிவுள்ளவன் திரும்பி ஓடுவான். காக்ரேன் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைச் சற்றுக் குழப்பிவிட்டு, நேராகச் சென்று காமோவின் விலாவோடு ஒட்டிக்கொண்டார். ஸ்பானியரின் பீரங்கிகள் உயரத்தில் இருந்தன. அவர்களுடைய குண்டுகள் ஸ்பீடியின் தலைக்கு மேலே பறந்தன. இவருடைய சிறு பீரங்கிகளோ வாயை மேல்நோக்கித் தூக்கி, அவர்களுடைய தளத்தைக் கீழிருந்து துளைத்தன. ஸ்பானியர் தாவிக் குதிக்க வரும்போதெல்லாம் ஸ்பீடி சற்றே விலகிக்கொள்ளும். பிறகு இவர்களே தாவினார்கள். கப்பலில் மிஞ்சியவர் சுக்கானைப் பிடித்த மருத்துவர் ஒருவரே! ஒரு பகுதியினர் முகத்தில் கரி பூசிக்கொண்டு முன்புறமாக ஏறினார்கள். புகைக்குள்ளிருந்து வந்த அந்த உருவங்களைக் கண்டு ஸ்பானியர் திகைத்தார்கள். சண்டை மும்முரமாக நடக்கும்போது காக்ரேன் திரும்பி, "இன்னும் ஐம்பது பேரை அனுப்பு!" என்று மருத்துவருக்குக் குரல் கொடுத்தார். எந்த ஐம்பது பேர்? அங்கே இருந்தவர் மருத்துவர் ஒருவர்தானே! அதற்குள் இவருடைய ஆள் ஒருவன் ஸ்பானியக் கொடியை இறக்கிவிட்டான். தங்கள் தலைவரே சரணடைந்துவிட்டார் என்று எண்ணி அவர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். உண்மையில் அந்தத் தலைவர் அதற்கு முன்பே இறந்திருந்தார். உச்சம் இனித்தான் வருகிறது. உயிர் பிழைத்த ஸ்பானிய அதிகாரி, தாம் கடமையைச் சரிவரச் செய்ததாகக் காக்ரேனிடமே ஒரு சான்றிதழ் கேட்டார். "உண்மையான ஸ்பானியரைப் போல நடந்துகொண்டார்" என்று எழுதிக் கொடுத்தாராம் காக்ரேன்; வாங்கியவருக்கு அது முழு மனநிறைவாம்!

இதை ஒரு நாவலாசிரியர் தாமாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால், அளவுக்கு மீறிய புளுகு என்று நாம் நூலை மூடியிருப்போம். பேட்ரிக் ஓ'பிரையன் தம் கடற்படை வரிசையின் முதல் நூலில் இந்தச் சண்டையைத்தான், கப்பல்களின் பெயரை மாற்றி, தம் நாயகனுக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, போர்களைக் கப்பற்குறிப்பேடுகளிலிருந்தும் அக்காலக் கடிதங்களிலிருந்தும் எடுத்ததாக நூலின் முகப்பிலேயே எழுதிவைத்தார். அந்தச் சிறு குறிப்பைப் படித்தவன் கதையை இரண்டு மடங்கு சுவைக்கிறான். தீர விசாரிப்பதே மெய் என்று நான் சொல்லும்போது, விசாரிப்பதுதான் இன்பம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனித் தொலைக்காட்சி. நெப்போலியன் காலத்துப் பிரித்தானியப் படைவீரன் ஷார்ப்பை நாயகனாகக் கொண்ட பெர்னார்ட் கார்ன்வெல்லின் நாவல்கள் 1993 முதல் தொடராக வந்தன. 1809இல் ஸ்பெயினின் டலவேராவில் இரு பக்கமும் சேர்ந்து 90,000க்கும் மேற்பட்டோர் மோதினார்கள். திரையில் தெரிவது சில டஜன் துணைநடிகர்களும் நிறையப் புகையும். வெடியுப்பின் கரிப்பைத் திரை காட்ட முடியாது. ஆனால் குரலைக் காட்ட முடியும். நூலில் கருங்கூந்தல் லண்டன்காரனாக இருந்த ஷார்ப், ஷான் பீன் நடித்தபோது யார்க்‌ஷர் பேச்சோடு வந்தான். பிறகு எழுதுகையில் அந்த நடிகரின் குரலே காதில் ஒலித்ததாக ஆசிரியரே சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திரை திருப்பித் திருத்தியது என்பது சிறிய செய்தி அன்று. பேராசிரியர் அவர்கள் இதைத் தனியே ஆராயலாம்.

என் குறை வேறு. கார்ன்வெல் நாவலின் முடிவில் ஒரு வரலாற்றுக் குறிப்பு வைப்பார். எது நடந்தது, எதைத் தாம் நுழைத்தார் என்று கணக்குக் கொடுப்பார். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைக் கொன்றவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. நாவலில் அதை ஷார்ப் செய்கிறான். குறிப்பைப் படித்த வாசகன் ஏமாறமாட்டான். 2006இல் ராஜஸ்தானில் படமாக்கப்பட்ட தொலைக்காட்சிக் கதையோ 1817இல் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு, உண்மைக் கோட்டைகளின் மதில்களையே காட்டி ஒரு கற்பனைக் கோட்டையின் முற்றுகையை நடத்துகிறது. கண்ணால் காண்பதும் பொய் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டுமா?

நம் மொழியிலும் இதே நிலைதான். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. இருவரையும் ஒரே தட்டில் வைத்துச் சத்தியம் செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. குற்றம் அவர்களுடையதன்று, கதை முடிந்ததும் எதிரே ஒரு பக்கம் இருந்திருந்தால் அதையும் ஆவலோடு படித்திருப்பார்கள்.

எனவே என் கோரிக்கை இது. வரலாற்றுப் போர்க்கதை எதுவாயினும் நூலின் இறுதியில் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்; தொடராயின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சில வரிகள் திரையில் நிற்க வேண்டும். நிகழ்ந்தது எது, ஆண்டு எது, யாருடைய செயல் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பவற்றை அது சொல்ல வேண்டும். 1803இல் மராத்தியரை எதிர்த்து அசாயேயில் போரிட்ட பிரித்தானியத் தளபதி வெல்லெஸ்லியின் படையில் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்கள். கதைகளில் அவர்கள் பின்னணியில் நடந்து மறைகிறார்கள். அந்த ஒரு பக்கத்திலாவது அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கட்டும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தியை, பெண்களைப் பற்றியதை, இன்னொரு மேடைக்கு ஒத்திவைக்கிறேன். முன்வரிசைப் பெண்மணிகள் மன்னிக்க வேண்டும். பதிப்பாளர்களுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் அனுப்பவிருக்கும் கோரிக்கையின் படி செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்திடுவோர் தாம் படித்த கதை ஒன்றில் எது மெய், எது புனைவு என்று தெரியாமல் நின்ற இடத்தையும் பின்பக்கத்தில் எழுதித் தந்தால், அவற்றையும் இணைத்து அனுப்புவோம். படைவீரர்கள் ஆயுதங்களைப் பற்றிய பிழைகளையும் தயங்காமல் எழுதலாம். நன்றி, வணக்கம்.