கல்லூரி நாடகத்தில் நடிக்க வருகிறீர்களா? தேர்வுக்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது ஜெராய் மலை. மழை இப்போதுதான் விட்டது, உச்சியில் இன்னும் மேகம் இறங்கியிருக்கிறது. நான் உட்கார்ந்திருப்பது எங்கள் கல்லூரி மண்டபத்தின் பின்படியில். வருகிற சனிக்கிழமை இங்கேதான் இவ்வாண்டு நாடகத்துக்கு நடிகர் தேர்வு.

மூன்று நாளாக ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "அக்கா, எனக்கு நடிக்கத் தெரியாது, வரலாமா?" தாராளமாக வாருங்கள். நடிப்பைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு எட்டு வார ஒத்திகை இருக்கிறது. ஆனால் எட்டு வாரத்திலும் சொல்லிக்கொடுக்க முடியாத சில உண்டு. அவற்றை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பாத்திரம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஐந்தாம் வாரத்தில் காணாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே பேசுகிறேன். இரண்டு ஆண்டு நான் மேடையில் நடித்தேன். சென்ற ஆண்டிலிருந்து மேடை நிர்வாகம் என் பொறுப்பு. வருகைப் பதிவும் வசனப் பிரதியும் என் கையில் இருக்கின்றன.

முதலில் நேரம். என் பாட்டி பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய நிரை (சீவ வேண்டிய மர வரிசை) வேறொருவருக்குப் போய்விடும் என்பார். "போய்ச் சேர்வது மட்டுமில்லை, கத்தி தீட்டியிருக்க வேண்டும்" என்றும் சொல்வார். ஒத்திகைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏழு மணி ஒத்திகை என்றால் ஏழு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கக் கூடாது. உடம்பையும் குரலையும் பழக்கி, பிரதியும் பென்சிலுமாக நிற்க வேண்டும். ஐந்து பேர் காட்சியில் ஒருவர் வரவில்லையென்றால் மற்ற நால்வரின் மாலையும் வீண். அந்த நால்வரில் ஒருவர் சுங்கைப் பட்டாணியில் பகுதிநேர வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்.

வர முடியாத நாள்களைத் தேர்வன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பரீட்சை, திருமணம், தொழிற்சாலையில் அம்மாவின் இரவு வேலை, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாள், எதுவானாலும். அதற்காக யாரையும் ஒதுக்க மாட்டோம், அட்டவணையை மாற்றிப் போடுவோம். பத்து மணிக்கு ஒத்திகை முடிந்தால் பெண்பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவது என்று பெற்றோர் கேட்கிறீர்கள். அது நியாயமான கவலை. யார் யாருடைய காரில் போகிறார்கள் என்பதை நான் எழுதிவைத்து, வீடு சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் தூங்குகிறேன்.

நேர்த்திக்கடன் இருந்தாலும் சொல்லுங்கள். ஓராண்டு எங்கள் முக்கிய நடிகர், மேடையேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முடி இறக்கிக்கொண்டு வந்து நின்றார். வேண்டுதல் அவருடையது, அதில் நாங்கள் குறுக்கிட ஒன்றுமில்லை. முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பாத்திரத்தையே மொட்டைத் தலையோடு அமைத்திருப்போம். பாத்திரம் ஏற்ற நாள் முதல் உங்கள் முடி, தாடி, மீசை எல்லாம் நாடகத்துக்கும் சொந்தம். கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சற்றுப் பொறுங்கள், செம்பனைக் குலை லாரி போகட்டும்.

வசனத்துக்கு வருகிறேன். மூன்றாம் வார முடிவில் பிரதி கையில் இருக்கக் கூடாது. ஒரு கையில் தாளும் மறு கையில் பால் வாளியுமாக எவராலும் ஒரு தொழிலாளியாக நடக்க முடியாது. வசனத்தை எழுதியபடியே சொல்ல வேண்டும், குறிப்பாகக் கடைசிச் சொல்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் அடுத்தவர் காத்துக்கொண்டிருக்கிறார், விளக்குப் போடுகிறவரும் காத்துக்கொண்டிருக்கிறார். மறந்துபோனால் மன்னிப்புக் கேட்டுக் காட்சியைக் கலைக்காதீர்கள். "வசனம்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். நான் எடுத்துக் கொடுக்கிறேன், அப்படியே தொடருங்கள்.

மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறீர்கள். வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். ரூமியில், அதாவது மலாய் மொழிக்குப் பயன்படும் ரோமன் எழுத்தில், எழுதிக்கொண்டு படிக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வலை, வளை, வாளை, வாழை என்ற நான்கையும் ரூமியில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுவீர்கள். மேடையில் நான்கும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். ஆகவே ரூமியில் எழுதுகிறவர்கள் யாராவது ஒரு மூத்த மாணவரோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அப்படி வந்த ஒரு தம்பி, கடைசியில் எங்கள் எல்லோரையும்விட அழகாக ழகரம் சொன்னார்.

இனி இந்த நாடகத்தைப் பற்றி. சென்ற ஆண்டு அரை மணி நேரக் குறுநாடகமாகப் போட்டதை இவ்வாண்டு முழு நாடகமாக்குகிறோம். சயாம் மரண ரயில்தான் கதை. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்தப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். என் பாட்டியின் அப்பாவும் போனார். திரும்பவில்லை.

சென்ற ஆண்டு, கணவனைக் கொண்டுபோன பிறகு மனைவி தனியாக இருக்கும் காட்சி ஒன்று. இரண்டே வரி வசனம். அதில் நடித்த தங்கை ஒத்திகையில் தரையில் புரண்டு அழுதார். உண்மையான கண்ணீர்தான், உழைப்பில் குறையில்லை. ஆனாலும் காட்சி மனத்தில் ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாட்டியிடம் அழைத்துப்போனேன். அப்பாவைக் கொண்டுபோனபோது பாட்டி கைக்குழந்தை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய அம்மா சொன்னது. முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே சொன்னார்: "அப்பா சாப்பிட்ட தட்டை அம்மா யாருக்கும் போட மாட்டாங்க. கழுவி கழுவி வைப்பாங்க." அவ்வளவுதான். குரல் உடையவில்லை, கீரை உருவும் கையும் நிற்கவில்லை. அடுத்த ஒத்திகையில் அந்தத் தங்கை ஒரு தட்டை எடுத்துவந்தார். துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார். பிரதியைப் பின்பற்ற வேண்டிய நானே வரியை விட்டுவிட்டேன்.

இதைத்தான் உங்களிடம் மிகவும் எதிர்பார்க்கிறேன். பாத்திரம் கிடைத்ததும் கண்ணாடி முன் போய் நிற்காதீர்கள். உங்கள் தோட்டத்து லயத்தில், உங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிற ஒரு பெரியவரிடம் போய் உட்காருங்கள். கேள்வி அதிகம் வேண்டாம். அவர் சொல்லும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்த ஊரில் நம் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்கள் அவர்கள்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது சொந்த வீட்டு இழவு.

கடைசி வாரம் விளக்கு ஒத்திகை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும், பலருக்கும் பொறுமை போய்விடும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைத்ததாகச் சொல்லியிருக்கிறது. மாதவி ஆட வருவதற்கு முன்பே யாரோ நின்று, நிழல் விழும் இடம் பார்த்து, விளக்கை நகர்த்தியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அன்றும் நேரம் பிடித்திருக்கும். விளக்கு ஒத்திகை நாள் விளக்குக்காரர்களுடையது. நீங்கள் பேசாமல் நின்று கொடுங்கள்.

சக நடிகருக்கு நீங்கள் திருத்தம் சொல்லக் கூடாது. தோன்றியதை இயக்குநரிடம் சொல்லுங்கள். முதல் நாள் கைதட்டல் கிடைத்தது என்பதற்காக இரண்டாம் நாள் வசனத்தை நீட்டக் கூடாது. மேடை ஆடையோடு சாப்பிடக் கூடாது, கைப்பேசியை ஒப்பனை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. நாடகம் முடிந்த இரவு மாலையும் படமும் போதுமென்று கிளம்பிவிடாதீர்கள். நாயகனும் சேர்ந்துதான் ஆணி பிடுங்கி, பலகை சுமந்து, மண்டபத்தைக் கூட்ட வேண்டும். மறுநாள் காலை அங்கே வேறு நிகழ்ச்சி இருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். திரைப்படக் காட்சி எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டாம், ஒரு பக்கம் நாங்கள் தருவோம், அதைப் படித்தால் போதும். பென்சில் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம். மேடையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அழித்து எழுத வேண்டிவரும்.