தே ஓ கோசோங் குடித்தாலும் மலேரியாவுக்குச் சீனி கிடைக்கும்

[காட்சி: சுங்கை சிப்புட், காலை. ஒட்டுக்கடை மேசைமேல் ஆவி பறக்கும் ஒரு குவளை.]

வணக்கம், பசியாறியாச்சா?

எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் பாதிப் பேர் கேட்பது ‘தே ஓ கோசோங்’தான். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். எல்லாருக்கும் இனிப்புநீர் பயம். இன்றைக்கு நானும் சீனியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் குவளையில் போடும் சீனி இல்லை, நம் இரத்தத்தில் புகுந்து மலேரியாக் கிருமி தின்னும் சீனி.

[காட்சி: பழைய லயத்து வீடுகள், பின்னால் செம்பனை, அதற்கும் பின்னால் மலை.]

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலேரியா புதிதல்ல. காட்டை வெட்டிப் பால்மரம் நட்டபோது மலை ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் மாகுலாட்டஸ் என்ற கொசுவுக்குத் தொட்டில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் கொய்னா (குவினைன்) என்ற மலேரியா மாத்திரை கொடுப்பாராம், விழுங்கிவிட்டோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போதே முகம் கசக்கும்.

சரி, கிருமிக்கு வருவோம்.

[காட்சி: வரைபடம். ஒரு சிவப்பணு, உள்ளே மோதிரம் போல ஒரு கிருமி.]

சிவப்பணுவுக்குள் புகுந்த பிளாஸ்மோடியம் என்ற மலேரியாக் கிருமிக்குச் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. அன்றாடங்காய்ச்சி. வெளியிலிருந்து வரும் குளுக்கோஸ் நின்றால் அதன் இயக்கமும் நின்றுவிடும். அதனால் கிருமி புகுந்த சிவப்பணு, புகாத சிவப்பணுவைவிடப் பல பத்து மடங்கு குளுக்கோஸை இழுக்கிறது. இழுத்ததை ஒழுங்காகவாவது எரிக்கிறதா? அதுவும் இல்லை. ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால் ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுப் பணம். கிருமி 2 ஏடிபியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. தேங்காயை உடைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பருப்பை வாசலில் வீசுகிற மாதிரி. அதற்கென்ன, தேங்காய் நம்முடையதுதானே!

ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகையின் கடுமையான மலேரியாவில் இரண்டு கேடுகள் சேர்ந்து வருவதில் இந்த ஊதாரித்தனத்துக்கும் பங்கு உண்டு. இரத்தத்தில் சீனி இறங்குகிறது, அமிலம் ஏறுகிறது. விரலில் குத்திப் பார்க்கும் மிஷினில் லிட்டருக்கு 2.2 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் அது ஆபத்தின் அடையாளம். இனிப்புநீர்க்காரர்கள் 12, 15 என்று பார்த்துப் பயப்படும் அதே மிஷின்தான். இதில் ஒரு வேடிக்கை: பாட்டி விழுங்கிய அந்தக் கொய்னாவை, நோய் முற்றியவர்களுக்கு இரத்தக் குழாய் வழியாக ஏற்றும்போது, அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஏற்கெனவே இறங்கிய சீனி இன்னும் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் மோசம்.

‘அப்போ சீனியையே விட்டுவிட்டால் மலேரியா வராதா?’ என்று யாராவது கேட்பீர்கள். வரும். நீங்கள் கோசோங் குடித்தாலும் கல்லீரல் இரத்தத்தில் சீனியைக் குறையாமல் வைத்திருக்கும். அதை நிறுத்தினால் முதலில் போவது நம் மூளை. அதனால் மருந்து தேடுகிறவர்கள் சீனியை விட்டுவிட்டு, கிருமி அதை உள்ளே எடுக்கும் கதவைப் பார்க்கிறார்கள். பிஎஃப்எச்டி1 என்று அதற்குப் பெயர். அதன் வடிவம் 2020-ல் வெளியானது. நம் சிவப்பணுவின் முக்கியக் கதவு குளுக்கோஸை விடும், பழச்சீனியான ஃபிரக்டோஸை விடாது; கிருமியின் கதவு இரண்டையும் விடும். இந்த வித்தியாசம் போதும், நம் கதவைத் தொடாமல் அதன் கதவுக்கு மட்டும் பூட்டுச் செய்யலாமா என்று பார்க்க.

[காட்சி: சிவப்பணு வெடிக்கிறது. புதுக் கிருமிகள் சிதறுகின்றன.]

தின்பதோடு சீனியின் வேலை முடியவில்லை. புரதங்கள்மேல் சீனிச் சங்கிலிகளை ஒட்டும் வேலையும் செல்லுக்குள் நடக்கிறது. கிளைகோசிலேஷன் என்பார்கள். நம் செல்கள் ஒருவகைப் புரதத்தில் ஒட்டுவதற்கு 14 சீனிகள் கோத்த சங்கிலியைத் தயார் செய்கின்றன. பிளாஸ்மோடியம் அதே இடத்தில் ஒன்றோ இரண்டோ வைத்துவிட்டுப் போய்விடும். கஞ்சன் என்று நினைக்காதீர்கள். தேவையான இடத்தில் தாராளமாகச் செலவழிக்கும். அதன் மேற்பரப்புப் புரதங்கள் பலவற்றைத் தோலோடு பிடித்து வைத்திருப்பது சீனியும் கொழுப்பும் சேர்ந்த ஒரு நங்கூரம், ஜிபிஐ. சிவப்பணு வெடிக்கும்போது இந்த நங்கூரங்களும் இரத்தத்தில் சிதறுகின்றன. நம் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டு கூச்சல் போடுகின்றன. குளிர் நடுக்கிப் பிறகு உடம்பு கொதிப்பதில் அந்தக் கூச்சலுக்குப் பெரிய பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். 2002-ல் இந்த நங்கூரத்தின் சீனிப் பகுதியை ஆய்வகத்தில் செய்து எலிகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். கிருமி குறையவில்லை, ஆனால் பல எலிகள் கடும் நோயிலிருந்து தப்பின.

ஆப்பிரிக்கத் தூக்க நோயின் டிரிப்பனோசோமாவும் இதே நங்கூரத்தால்தான் ஏறக்குறைய ஒரு கோடிப் புரதங்களைச் சட்டையாகப் போர்த்திக்கொள்கிறது. அந்தச் சட்டையை அடிக்கடி மாற்றும் வித்தை தனிக் கதை, அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

[காட்சி: சாலையோரம் நீள்வால் குரங்குகள், ஒன்றின் கையில் செம்பனைப் பழம்.]

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் இது நம் ஊர்க் கதை. மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் பரவும் மனித மலேரியா இல்லை. ஆனாலும் காய்ச்சல் ஓயவில்லை. காரணம் குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி. 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் அது தெரியவந்தது. பல ஆண்டுகள் ஏதோ அபூர்வம் என்றே விட்டுவிட்டார்கள். 2004-ல் ஆய்வாளர் பல்பீர் சிங்கின் குழு சரவாக்கின் காப்பிட்டில் 208 மலேரியா நோயாளிகளைச் சோதித்தபோது, 120 பேரிடம் இருந்தது நோலெசி. நுண்ணோக்கியில் பார்த்தால் மலேரியே என்ற சாதுவான வகை போலவே இருப்பதால் அதுவரை ஆளை மாற்றிப் பதிவு செய்திருந்தார்கள்.

குரங்கின் கிருமி மனிதச் சிவப்பணுவுக்குள் எப்படி நுழைகிறது? இங்கேயும் சீனிதான். குரங்கின் சிவப்பணுவைப் போர்த்தியிருக்கும் சயாலிக் அமிலம் என்ற சீனியில் நம்முடையதைவிட ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல். அதைச் செய்யும் மரபணுவை மனித இனம் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்டது. சிவப்பணுவைப் பிடித்து ஏற நோலெசி வைத்திருக்கும் புரதக் கொக்கிகளில் இரண்டு, குரங்கின் அந்தச் சீனியைத்தான் பிடிக்கும். மனிதச் செல்லில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. ஒரே ஓர் அணு நமக்குப் பாதி வேலி. ஏன் பாதி? மூன்றாவது கொக்கி ஒன்று இருக்கிறது. அது நம் சிவப்பணுமேல் இருக்கும் டஃபி என்ற வேறு புரதத்தைப் பிடித்து ஏறிவிடுகிறது. மனித இரத்தத்திலேயே வளர்த்துப் பழக்கிய ஒரு ரகம் குரங்குச் சீனிக்கான கொக்கி ஒன்றையே தொலைத்துவிட்டு, டஃபி கொக்கியின் மரபணுவைப் பெருக்கிக்கொண்டது 2016-ல் வெளியானது.

[காட்சி: தோட்டத்து ஓரம், காடு தொடங்கும் இடம். மாலை.]

நோலெசிக்கு அவசரம் அதிகம். ஃபால்சிபாரம் 48 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்தால், இது 24 மணி நேரத்தில் முடிக்கும். நேற்று பார்த்த எண்ணிக்கை இன்று பொருந்தாது. அதனால் காட்டோரச் செம்பனையில் வேலை செய்கிறவரோ, வார இறுதியில் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவரோ காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால், ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘காட்டுப் பக்கம் போயிருந்தேன், அங்கே குரங்கு உண்டு’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெங்கி சோதனையோடு மலேரியாவுக்கும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.