பந்தல் போடும் முன்பே

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பந்தல் எழுந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர், ஐஸ் பெட்டிக்கு ஒருவர், மயானத்துக்கு ஒருவர் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். யாரும் கூட்டம் போட்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. இழவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு போகும். உங்கள் தெருவும் இப்படித்தான் இருக்கும்.

அதே மனிதர் அதற்கு முன் மூன்று வருடம் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தாரே, அப்போது அந்த வாசலில் எத்தனை செருப்பு கிடந்தது?

நான் முப்பது வருடத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னதும், சீட்டையும் மாத்திரைகளையும் கொடுத்து வழியனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. கட்டில் காலியானால் அடுத்த நோயாளி வந்துவிடுவார். போனவர் என்ன ஆனார் என்று யோசிக்க எங்களுக்கு நேரமும் இல்லை. உண்மையைச் சொன்னால், யோசிக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு முறை கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்த யோசனை வந்தது.

அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு நர்ஸ் இறங்கினார். கூடவே இரண்டு பேர்: ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், இன்னொருவர் மளிகைக் கடை வைத்திருக்கும் அம்மாள். "பாலியேட்டிவ்காரர்கள்" என்றார் என் உறவினர், பால்காரர் என்று சொல்வதைப்போல. தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புக்குத்தான் பாலியேட்டிவ் என்று பெயர். தொழில் புத்தி விடவில்லை. அனுமதி கேட்டு நானும் கூடப் போனேன்.

முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு மனிதர். நர்ஸ் அவருடைய படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டினார், சிறுநீர்க் குழாயை மாற்றினார். அது எனக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலையை மற்ற இருவரும் செய்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அடுக்களையில் மனைவியிடம் பேச்சுக் கொடுத்து, அரிசி தீர்ந்துவிட்டதையும் பெரிய பையன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதையும் தெரிந்துகொண்டார். ஆட்டோக்காரர் கட்டிலில் உட்கார்ந்து முந்தைய நாள் நடந்த கால்பந்துப் போட்டியைப் பற்றி நோயாளியோடு சண்டை போட்டார். மலப்புரத்தில் அதைவிட நெருக்கமான பேச்சு கிடையாது. கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிவந்து அவரைத் தூக்கி வாசலில் உட்காரவைப்பதாகச் சொன்னார். அவர் சாலையைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு எந்த மருத்துவமனையில் சீட்டு எழுதித் தருவார்கள்?

இது ஒரே நாளில் முளைத்ததில்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியரான எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் சேர்ந்து, வலியால் துடிக்கும் புற்றுநோயாளிகளுக்காக ஒரு சங்கத்தையும் வெளிநோயாளிப் பிரிவையும் தொடங்கினார்கள். அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து மார்ஃபின். வாய்வழி கொடுக்கும் மார்ஃபின் அவர்கள் கையில் இருந்தது. இதுவே பெரிய விஷயம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைக்காமலே போயிருந்தது. சட்டப்படி அபினி விளைவித்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்டில், நம் நோயாளிகள் வலியில் கத்திக்கொண்டிருந்தார்கள். சட்டத்தைத் திருத்தி அனுமதி முறையை எளிதாக்க 2014 வரை ஆயிற்று.

மருந்து இருந்தும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு முறை வந்தவர் அடுத்த முறை வருவதில்லை. பஸ் ஏறி வரத் தெம்பில்லை, வண்டி பிடிக்கப் பணமில்லை, கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். நோயாளி மாதத்தில் ஒரு மணி நேரம் டாக்டர் முன்னால் இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் தன் வீட்டில், தன் தெருவில் இருக்கிறார். அப்படியானால் அங்கே இருப்பவர்கள்தானே அவரைப் பார்த்துக்கொள்ள முடியும்? 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரத்தில் அக்கம்பக்கத்தாரின் குழுக்கள் இப்படித்தான் உருவாயின. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, பிறகு 4 நாள் வீடு வீடாகப் போய்ப் பழகுதல். புண் கட்டுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் இருப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது.

செலவுக்குப் பணம்? பெரும்பகுதி ஊர்க்காரர்கள் போடும் சில்லறை. கடைகளில் உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் வசூல், பஸ் தொழிலாளர்கள் தரும் பங்கு. நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவோமே, உண்டியல் காசில் அந்த வசதி இல்லை. பெரிய ஒருவர் கொடுத்தால் அவர் சொல்லைக் கேட்க வேண்டியிருக்கும். ஆயிரம் பேர் கொடுத்தால் ஊர் சொல்வதுதான். மருத்துவமனை தொடங்கிய காரியத்தில் யாருக்கு அரிசி, யார் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று முடிவெடுப்பவர்கள் தெருக்காரர்களாக மாறியது இப்படித்தான். 2008-இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. பஞ்சாயத்துகள் நர்ஸ்களை நியமித்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின.

"படிக்காதவர்கள் நோயாளியைத் தொடலாமா?" என்று மருத்துவர்களில் பலர் முகம் சுளித்தது உண்டு. என் காலத்தில் கேட்டிருந்தால் நானும் சுளித்திருப்பேன். இப்போது என் கவலை வேறு. தெரு என்றால் வம்பும் உண்டு. மார்பில் கட்டி வந்த பெண் அது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைக்கலாம். மகளுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே வரும் பக்கத்து வீட்டுக்காரர் வாயைக் கட்டாவிட்டால், அவர் வராமல் இருப்பதே மேல். புண் கட்டுவதை யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்று, இது ஏழைகளுக்கு மட்டுமானது என்று நினைத்துவிடாதீர்கள். மலப்புரத்தில் வளைகுடாப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் நிறைய. மகன்கள் துபாயிலும் தோஹாவிலும் இருப்பார்கள். உள்ளே ஏசி ஓடும், அம்மா தனியாகக் கிடப்பார். கோயம்புத்தூர் அடுக்குமாடிகளில் நான் பார்ப்பதும் அதைத்தான். ஊர்ப் பெயர்தான் அமெரிக்கா என்று மாறுகிறது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இன்று வீட்டு வாசலுக்கு வருகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரி பையும் பதிவேடுமாக அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அவர் போன பிறகு மிச்சமிருக்கும் நேரத்துக்கு அரசாங்கத்திடம் ஆள் கிடையாது. பந்தல் போடத் தெரிந்தவர்களிடம்தான் உண்டு.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருவில் பேசிப் பார்த்தேன். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், அடுத்ததற்கு நான்கு பேர். அந்த நான்கு பேரோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். யார் வீட்டுக்கு யார் எப்போது போகிறார் என்று எழுதுவதற்கு. என்ன வியாதி என்று அதில் எழுதக் கூடாது என்பது ஏற்பாடு.

முதல் வாரம் நான் ஏதோ மருந்துப் பட்டியல் வரும் என்று எதிர்பார்த்தேன். மூலை வீட்டுப் பெரியவர் கேட்டது வேறு. முடி வளர்ந்து கழுத்தை உறுத்துகிறதாம், ஐந்து மாதமாகிறதாம், கடைக்குப் போக முடியவில்லையாம். முனையில் சலூன் வைத்திருக்கும் தம்பியிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை வருகிறேன் அக்கா, அன்றைக்குத்தான் கடை லீவு" என்றார்.

வணக்கம்.