அனுபிஸ், பத்து காம்போ, ஒரு துரோகி கேபிள்

வணக்கம். இன்று முன்னுரை எதுவும் கிடையாது. நேற்று இரவு பஸில் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் பத்து காம்போ அடித்துவிட்டேன், அதாவது ஒரே இழுப்பில் பத்துக் கூட்டம் உருண்டைகளைச் சேர்த்துவிட்டேன். பத்து! எகிப்தியக் கடவுள் அனுபிஸை அணித் தலைவராக வைத்துக்கொண்டு, போனைக் கையால் தொடாமல், மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்து, மவுஸால் அடித்தேன். பதிவு இருக்கிறது, கடைசியில் காட்டுகிறேன். இப்போதே கடைசிக்குத் தாவப் போகிறவர்களை என்னால் தடுக்க முடியாது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள், நான் இங்கேதான் பேசிக்கொண்டிருப்பேன்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் புலம்பல் தெரியும். மூன்று வீடியோக்களாக ஒன்பதில் நிற்கிறேன். போன வீடியோவில் "இனி அனுபிஸ் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று சபதம் வேறு செய்தேன். அந்தச் சபதம் இரண்டு நாள் தாங்கியது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸில் அண்ட் டிராகன்ஸ் போனில் ஆடும் புதிர் விளையாட்டு. 2012இல் ஜப்பானில் வந்தது. ஆறு நெடுவரிசை, ஐந்து கிடைவரிசை, மொத்தம் முப்பது உருண்டைகள். நெருப்பு, நீர், மரம், ஒளி, இருள், இதயம் என்று ஆறு வகை. மற்ற புதிர் விளையாட்டுகளில் பக்கத்துப் பக்கத்து உருண்டைகளை ஒரு தடவை மாற்றினால் முடிந்தது. இங்கே ஓர் உருண்டையைப் பிடித்துப் பலகை முழுக்க இழுத்துக்கொண்டு போகலாம். அது கடந்துபோகும் ஒவ்வோர் உருண்டையும் இடம் மாறிக்கொண்டே வரும். கையில் இருப்பது சில விநாடிகள்தான். அதற்குள் மும்மூன்றாகச் சேர்த்தால் காம்போ. சண்டை போடுவது உங்கள் அணியில் இருக்கும் கடவுள்கள். எகிப்திய ஹோரஸ், வட ஐரோப்பிய ஓடின், நம் பார்வதி என்று மூன்று பேரையும் ஒரே அணியில் நிறுத்தலாம். எந்தப் புராணத்திலும் நடக்காத கூட்டணி! எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

எகிப்தியக் கடவுள்களில் எனக்கு ரா மீது கொஞ்சம் கடுப்பு உண்டு. இதயம் தவிர மற்ற ஐந்து நிறமும் ஒரே முறையில் சேர்த்துக் கொடுத்தால்தான் அவருக்கு வீரம் வரும். பலகையில் ஒரு நிறம் குறைந்துவிட்டால் சூரியக் கடவுள் சும்மா நிற்பார். ஹோரஸ் நான்கு நிறத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வார், பரவாயில்லை. அனுபிஸ் நிறத்தையே பார்ப்பதில்லை. எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்பார். முதலில் வந்த அனுபிஸுக்கு எட்டு காம்போ வந்தால்தான் கண்ணே திறக்கும், பத்தில்தான் முழு பலம். இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைத்து எடை பார்க்கும் தெய்வத்துக்கு இந்தக் கண்டிப்பு பொருத்தம்தான். யார் யோசித்தார்களோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முப்பது உருண்டை, மும்மூன்றாகப் பிரித்தால் பத்து. அதாவது, ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. ஒவ்வொரு நிறமும் மூன்றின் மடங்காக வந்திருக்க வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்போதும் போச்சு. மேலிருந்து விழும் புது உருண்டைகள் தாமாகச் சேர்ந்தாலும் எண்ணிக்கையில் ஏறும், அது உண்மைதான். ஆனால் அப்படி வருகிற பத்தை நான் பத்து என்று ஒப்புக்கொள்வதில்லை. அது அதிர்ஷ்டம். நான் கேட்பது என் கையால் வருகிற பத்து.

அந்தக் கைதான் பிரச்சினை. விரல் திரையின் மேல் இருக்கும்போது அதற்குக் கீழே என்ன நிறம் இருக்கிறது என்று தெரிவதில்லை. என் கட்டைவிரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். அதிலும் மூலைவிட்டமாக நகர்த்துவது இருக்கிறதே, நான்கு உருண்டைகள் சந்திக்கும் புள்ளியில் சரியாக நுழைய வேண்டும். கொஞ்சம் தவறினால் பக்கத்து உருண்டை இடம் மாறி, போட்ட திட்டம் எல்லாம் பாழ். அதனால்தான் கணினிக்குப் போகலாம் என்று கிளம்பினேன்.

முதலில் எமுலேட்டர், அதாவது ஆண்ட்ராய்டு விளையாட்டைக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். நிறுவினால் திறக்கவே இல்லை. இரண்டு முறை நீக்கி, இரண்டு முறை போட்டேன். கடைசியில் பார்த்தால் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதியில், வர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் வசதி அது. நீங்களும் முயன்றால் முதலில் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கிப் பாருங்கள், அது இயங்குகிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். அணைந்திருந்தால் பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் எஸ்விஎம் என்ற பெயரில் தேடுங்கள். இதைச் செய்த பிறகு விளையாட்டு திறந்தது, ஆனால் திக்கித் திக்கி ஓடியது. படம் அரை விநாடி நின்றால் பரவாயில்லை என்பீர்கள். இந்த விளையாட்டில் கையில் இருப்பதே சில விநாடிகள்! அன்றைக்கே நீக்கிவிட்டேன்.

ஆம், ஒன்று சொல்ல மறந்தேன். பழைய வீடியோ ஒன்றில் விண்டோஸ் 11இல் இருந்த ஆண்ட்ராய்டு வசதியைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். அதற்கான ஆதரவு 2025 மார்ச் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த வீடியோவை இன்னும் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தேட வேண்டாம்.

பிறகுதான் ஸ்க்ரீன் காப்பி. ஆங்கிலத்தில் பாதி எழுத்துகளைப் பிடுங்கிவிட்டு scrcpy என்று எழுதியிருப்பார்கள், படிக்கும்போது ஸ்க்ரீன் காப்பி. இலவசம், திறந்த மூலம், 2018இலிருந்து இருக்கிறது. கணினியில் விளையாட்டை ஓட்டுவது இதன் வேலை இல்லை. விளையாட்டு உங்கள் போனில்தான் ஓடும். திரை மட்டும் கேபிள் வழியாக மானிட்டருக்கு வரும், மவுஸின் அசைவு போனுக்குத் தொடுதலாகப் போகும். விளையாட்டுக் கணக்கை இடம் மாற்ற வேண்டாம், போனில் எதையும் நிறுவ வேண்டாம். தாமதம் 35 முதல் 70 மில்லிவிநாடி என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்குத் தாமதமே தெரியவில்லை.

சரி, இப்போது கேபிள். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் தூங்க முடியாது. போனைச் செருகினேன். சார்ஜ் ஆகும் குறி வந்தது. ஸ்க்ரீன் காப்பியைத் திறந்தால் "சாதனம் எதுவும் இல்லை" என்கிறது. வேறு துளையில் செருகினேன். இல்லை. கணினியை அணைத்துப் போட்டேன். இல்லை. போனை அணைத்துப் போட்டேன். இல்லை. டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டேன். இல்லவே இல்லை. ஒன்றரை மணி நேரம்! ஒவ்வொரு முறையும் அந்தச் சார்ஜ் குறி மட்டும் விசுவாசமாக வந்து நிற்கிறது. மின்சாரம் போகிறது, அப்படியென்றால் கேபிளில் குறை இல்லை என்று நானே நீதிபதி மாதிரி தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தக் கேபிள் ஒரு மேசை விளக்கோடு வந்தது. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. விளக்குக்கு எதற்குத் தரவு? அதனால் இதில் மின்சாரக் கம்பி மட்டும்தான். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே கறுப்பு உறை, அதே முனை. வேறு கேபிளை மாற்றிய இரண்டாவது விநாடி போன் திரையில் "யுஎஸ்பி பிழைதிருத்தத்தை அனுமதிக்கவா" என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

இருங்கள், இதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். போன் அமைப்புகளில் 'பில்டு எண்' என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். ஏழு முறை தட்டினால் "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று வரும். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் பிறகு டெவலப்பர் பகுதியில் யுஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்குங்கள், கேபிள் வழியாகக் கணினி போனைக் கட்டுப்படுத்த விடுவது அதுதான். சில போன்களில் அதற்குக் கீழே பாதுகாப்பு அமைப்பு என்று இன்னொரு அனுமதி தனியாக இருக்கும். அதைத் தரவில்லையென்றால் படம் தெரியும், மவுஸ் மட்டும் வேலை செய்யாது. என் போனும் அந்த ரகம்தான். அதற்கு அரை மணி நேரம் போனது, ஆனால் கேபிளுக்குப் பிறகு அதெல்லாம் ஒரு துயரமாகவே தெரியவில்லை. விளையாடி முடித்ததும் பிழைதிருத்தத்தை மறக்காமல் அணைத்துவிடுங்கள், திறந்து வைத்திருக்க வேண்டிய கதவு அல்ல அது.

மானிட்டரில் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. 24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கட்டும், நடுவில் போன் திரை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நிற்கிறது. முக்கியமாக, விரல் இல்லை! முப்பது உருண்டையும் கண்ணெதிரே இருக்கிறது.

ஆனால் முதல் பத்து ஆட்டமும் படுதோல்வி. மவுஸை மெதுவாக நகர்த்தினால் அம்பு ஒரு தூரம் போகிறது, அதே அளவு கையை வேகமாக நகர்த்தினால் இரட்டிப்பாகப் பாய்கிறது. விண்டோஸ் மவுஸ் அமைப்பில் சுட்டியின் துல்லியத்தை மேம்படுத்துவதாக ஒரு தேர்வு இருக்கிறது, அதன் வேலைதான் இது. பெயர்தான் துல்லியம். அதை அணைத்த பிறகு கை எவ்வளவு போகிறதோ, அம்பும் அவ்வளவே போகிறது. மூலைவிட்டம் அதன் பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கிறது.

இன்னொன்று, இது முழுக்க என் தவறு. மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்தினால் போன் முகப்புத் திரைக்குப் போய்விடும், வலது பொத்தான் பின்னே போகும். குறிப்பிலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. எட்டாவது காம்போவை அடுக்கிக்கொண்டிருந்தபோது பதற்றத்தில் சக்கரத்தை அழுத்திவிட்டேன். விளையாட்டு மறைந்து என் வால்பேப்பர் வந்தது. வால்பேப்பரும் அனுபிஸ்தான். முறைத்தார்.

நேற்று இரவுக்கு வருகிறேன். பலகை வந்ததும் எண்ணினேன். இருள் ஒன்பது, நெருப்பு ஆறு, மரம் ஆறு, ஒளி மூன்று, நீர் மூன்று, இதயம் மூன்று. எல்லாம் மூன்றின் மடங்கு! முதல் உருண்டை இடம் மாறும் வரை கடிகாரம் ஓடாது. அதனால் ஓர் இதய உருண்டையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இருளை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒன்றை இடது ஓரத்தில், ஒன்றை நடுவில், ஒன்றை மேல் வரிசையில் வைப்பது என்று மனதில் வழி போட்டேன். பிறகு இழுத்தேன். இடது ஓரம் நின்றது. நெருப்பு நின்றது. மரத்தில் ஒன்று தவறி, அதே மூலைவிட்டத்தில் திரும்பி வந்து சரிசெய்தேன். விரலால் அதைச் செய்திருக்கவே முடியாது. மற்றதெல்லாம் அடுக்கி முடித்தபோது மிச்சம் இருந்தது கையில் இருந்த அந்த இதயம் மட்டும்தான். மற்ற இரண்டு இதயங்களும் வலது கீழ் மூலையில் காத்துக்கொண்டிருந்தன. இதயத்தை எடைபோடும் தெய்வத்தின் முன்னால் இதயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. கடிகாரம் முடிவதற்கும் அது போய் உட்காருவதற்கும் சரியாக இருந்தது.

எட்டு. ஒன்பது. பத்து. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். எதிரே நின்றது என்ன தெரியுமா? ஏற்கெனவே முக்கால்வாசி அடிபட்ட ஒரு குட்டி எதிரி. மூன்று காம்போவுக்கே விழுந்திருக்கும். பாவம்.

பதிவைப் போடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரீன் காப்பியே பதிவும் செய்து தரும், ஆனால் அது போன் திரையை மட்டும்தான் பதிவுசெய்யும், மவுஸ் அம்பு அதில் தெரியாது. அதனால் உருண்டை யாரும் தொடாமல் தானே ஓடுவது போல இருக்கும். ஏமாற்று வேலை என்று சொல்ல நினைப்பவர்கள் மரத்தில் நான் தவறிய இடத்தைப் பாருங்கள். இயந்திரம் செய்திருந்தால் அங்கே தவறியிருக்காது. இதோ, ஓட விடுகிறேன்.