எதிரில் இருப்பவரும் யோசிப்பார்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பள்ளி முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பாட்டி சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்தார். 3 புலி, 15 ஆடு. புலிக்குப் பத்துக்காசு நாணயம், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, சுற்றி வளைத்து அடைக்க மட்டும்தான் முடியும். நான் ஆடு வைத்தால் ஒன்றுகூடப் போகக் கூடாது என்று பதறுவேன். பாட்டி தெரிந்தே ஒரு ஆட்டைக் கொடுப்பார். அதை வெட்டிவிட்டுப் புலி எங்கே போய் நிற்குமோ அந்த இடம்தான் அவருக்கு வேண்டும். "காயையே பார்க்காதே, என் மூஞ்சியைப் பாரு" என்பார்.

அரசியல், கணினி விளையாட்டு, இணையச் சட்டம் என்று மூன்றைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மூன்றையும் நான் அந்தச் சாக்கட்டிக் கோட்டிலிருந்துதான் பார்க்கிறேன்.

முதலில் நம் சிங்கப்பூர்த் தேர்தல். 1991 பொதுத் தேர்தலில் மொத்தம் 81 இடங்கள். எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே 40 இடங்களில் மட்டும் நின்றன. வேட்புமனுத் தாக்கல் நாளன்றே 41 இடங்கள் போட்டியின்றி ஆளும் மக்கள் செயல் கட்சிக்குப் போய்விட்டன. ஆட்சி யாருடையது என்ற கேள்வி வாக்களிப்புக்கு முன்பே முடிந்துவிட்டது. "ஆட்சி மாறாது, பயப்படாமல் ஓட்டுப் போடுங்கள்" என்பதுதான் வாக்காளருக்குச் சொன்ன செய்தி. எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான சியாம் சீ டோங் முன்வைத்த வியூகம் இது. எதிர்க்கட்சியிடம் அதுவரை இருந்தது ஒரே தொகுதி, அந்தத் தேர்தலில் 4 கிடைத்தன. பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்துப் பெற்ற 4.

அப்புறம் என்ன ஆனது? 1997-இல் அதே வியூகத்தை மறுபடி எடுத்தார்கள். ஆனால் ஆளுங்கட்சியும் ஆறு ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக் மேம்பாட்டுப் பணிகளில் ஆதரவு தந்த வட்டாரங்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. மின்தூக்கி என் மாடியில் நிற்குமா என்று வாக்காளர் யோசிக்க வேண்டிய நிலை வந்தது. "ஆட்சி மாறாது" என்ற தெம்பு மட்டும் அதற்கு ஈடாகவில்லை. எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது 2 இடம். அந்த எதிர்நகர்வு நியாயமா என்று இன்றும் வாதிடலாம், வாதிட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அது வரும் என்று எதிர்பார்க்காமல் பழைய காயையே மறுபடி நகர்த்தியது பிழைதான்.

2011-இல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் 20 ஆண்டுகள் வைத்திருந்த ஹவ்காங் தனித்தொகுதியைவிட்டு வெளியே வந்து, ஐந்து பேர் ஓர் அணியாக நின்று சேர்ந்தே வெல்லும் அல்லது சேர்ந்தே தோற்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் நின்றார். தோற்றிருந்தால் அவருக்கு அந்தச் சொந்த இடமும் இல்லை. அணி 54.7 விழுக்காட்டில் வென்றது. 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தபின் ஒரு குழுத்தொகுதியை எதிர்க்கட்சி கைப்பற்றியது அதுவே முதல் முறை. என் பாட்டி இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

இப்போது மாணவர்கள் பக்கம் வருகிறேன். என் அக்கா மகனுக்கு 15 வயது, கைப்பேசியில் இரண்டு அணிகள் மோதும் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே பெரிய ஆட்டம் நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் எவை இன்று களத்துக்கு வரக் கூடாது என்று இரண்டு அணிகளும் தடை போடுகின்றன. போட்டிகளில் அணிக்கு ஐந்து தடைதான். "பிடிக்காததை எல்லாம் தடை செய்ய முடியாது மாமா, அவன் நல்லா ஆடுறதை மட்டும்தான் எடுக்கணும்" என்றான். அரசாங்கங்கள் காசு கொடுத்து வாங்கும் ஆலோசனையை அவன் சும்மா கொடுத்துவிட்டான்.

ஏனென்றால் இணையத்தைக் கட்டுப்படுத்த நினைக்கும் எந்த அரசாங்கத்திடமும் தடை அளவாகத்தான் இருக்கிறது. தென்கொரியாவைப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் வந்தது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். சட்டம் கணினியைக் குறிவைத்திருந்தது, பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2021-இல், அரசாங்கமே அதைக் கைவிட முடிவு செய்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் பிள்ளைகளைக் காய்களாக நினைத்துப் போட்டார்கள். அவர்களோ எதிரில் உட்கார்ந்து ஆடுபவர்கள்.

நம் ஊரிலும் இதைக் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறோம். 1996-இல் இணையத்துக்கு உரிம முறை வந்தபின், அடையாளமாகச் சுமார் 100 தளங்களைத்தான் தடுத்தார்கள். எல்லாவற்றையும் மூட முடியாது, எதை இந்தச் சமுதாயம் ஏற்கவில்லை என்று காட்டினால் போதும் என்பது அதன் கணக்கு. 2007 நவம்பரில் மாஸ் எஃபெக்ட் என்ற விளையாட்டை ஒரு காட்சிக்காகத் தடை செய்து, உடனேயே அந்தத் தடையை நீக்கி, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற முத்திரையோடு விட்டார்கள். அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கு வயது வகைப்பாடே வந்தது. தடை போய் முத்திரை வந்ததைப் பின்வாங்கல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோர் கையிலும் ஒரு காயைக் கொடுத்த நகர்வு அது.

2024 அக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் செயற்கையாக உருவாக்கிய காணொளியைத் தேர்தல் காலத்தில் விளம்பரமாகப் பரப்பக் கூடாது. தேர்தலை நடத்தச் சொல்லும் தேர்தல் ஆணை பிறந்ததிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை மட்டும். குறுகிய சட்டம். குறுகியதாக இருப்பதாலேயே நான் அதை ஆதரிக்கிறேன், எதிராளி நன்றாக ஆடும் ஒரே இடத்தை அது எடுத்துவிடுகிறது. ஆணைக்கு முந்திய வாரங்களில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் காணொளியை அது தொடாது. அங்கே ஆடப்போவது நாம்தான்.

அக்கா மகன் கதையை முடித்துவிடுகிறேன். இரவு 10 மணிக்கு வைஃபையை நிறுத்தப் போவதாக அக்கா சொன்னார். அவன் ஒன்றும் பேசவில்லை. சிம் கார்டில் டேட்டா இருக்கிறது என்ற தெம்பு அந்த முகத்தில் தெரிந்தது. அப்புறம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் முக்கால் மணி நேரம் பேசினோம். விளையாட்டுக்குள் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி திறப்பதில்லை, கைப்பேசி இரவில் படுக்கையறைக்கு வராது என்று இரண்டை அவனே சொன்னான். பள்ளி விடுமுறையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டான், அக்கா கொடுத்தார். இப்போது பத்தரை மணிக்கு அந்தக் கைப்பேசி சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் கிடக்கிறது.

கேள்வி நேரம் வந்துவிட்டது. சீருடையில் இருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.